கப்ரிவி மாப்பிள்ளையும் எமிலியானுஸ் அண்ணையின் இருமலும்

அலோய்சியஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் இளவாலையில் பிறந்தவள். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஓர் அலோய்சியஸின் தலையில் விழும். தவறினால் ஒரு ஸ்ரனிஸ்லாஸின் தலையில் விழும்.

என் மகள் அனோஜினி மொன்றியலின் மேற்கு நுனியில் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு அங்கேயே வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. பேர் அலோய்சியஸ். கத்தோலிக்கர். அங்கதான் மண் ஆராய்ச்சி செய்யிறார்."

"யாழ்ப்பாணமோ, மன்னாரோ?"

"ரெண்டும் இல்லை. கப்ரிவி."

மன்னார்ப் பக்கம் எனக்குத் தெரியாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. "அது மடுவுக்குக் கிட்டவோ?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டாள். நான் உடனே என் கோயில் சிநேகிதி யோசெப்பினுக்குப் போன் எடுத்து, ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். பின்னேரத்துக்குள் எங்கள் ஆட்கள் நிறைந்த கோத்-டெ-நேஜ் முழுக்க என் மகளுக்கு மடுவுக்குக் கிட்ட மாப்பிள்ளை பொருந்திவிட்டது.

அடுத்த நாள் படம் காட்டினாள். ஒரு வயலின் நடுவே, கையில் மண்கட்டியோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓர் ஆபிரிக்கப் பொடியன் நின்றான். அலோய்சியஸ் சிமாசிக்கு. நமீபியா என்ற நாட்டின் வடகிழக்கு மூலையில் கப்ரிவி என்று ஒரு மாகாணமாம். என் கணவர் தேவதாசன், டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குகிறவர், படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"எங்கட அப்புவை விடக் கொஞ்சம்தான் கறுப்பு" என்றார்.

"உங்கட அப்புவை ஆர் இப்ப கேட்டது?" என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். உண்மையில் எனக்குக் கோபம் பொடியனில் இல்லை. யோசெப்பினுக்குப் போன் எடுத்த என் வாயில்தான்.

இனி என் கூடப்பிறந்த எமிலியானுஸ் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். நோத்ர-டாம்-த-கிரேசில் எங்கள் கட்டடத்திலேயே எங்களுக்கு மேலே இருக்கிறார். நான் மீன் பொரித்தால் மணம் பிடித்து இறங்கி வருவார். மொன்றியலில் எங்கள் ஆட்கள் கலியாணம் பேசினால், மாப்பிள்ளை வீட்டைப் பற்றியோ பெண் வீட்டைப் பற்றியோ முதலில் அண்ணையிடம்தான் விசாரிப்பார்கள். அவர் "தங்கமான குடும்பம்" என்று சொன்னால் மண்டபம் பதியலாம். ஒரு தரம் இருமிவிட்டு, "நல்ல குடும்பம் எண்டுதான் சொல்லுகினம்" என்று இழுத்தால், அந்தச் சம்பந்தத்தைத் தூக்கி சென் லோரன்ஸ் ஆற்றில் போட்டுவிடலாம். அண்ணை குறையாக ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார். யாரும் அவரில் பழி போட முடியாது. ஊதித் தள்ளிய சிகரட்டால் நிஜமாகவே இருமல் வேறு இருந்தபடியால், எந்த இருமல் நெஞ்சிலிருந்து வருகிறது, எது தீர்ப்பு என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

படத்தைக் கண்டு அண்ணை துள்ளிக் குதிப்பார் என்று பயந்தேன். அவர் அமைதியாகத்தான் இருந்தார்.

"ஆபிரிக்கனோ ஆரோ, அது பேந்து பாப்பம்" என்றார். "எந்த ஊர்? ஆரின்ர பேரன்? அதை ஆரிட்டை விசாரிக்கிறது?"

"அவரிட்டையே கேளுங்கோவன், மாமா" என்றாள் அனோஜினி.

"மாப்பிள்ளையிட்டையே மாப்பிள்ளையை விசாரிக்கிறதோ? பிள்ளை, விசாரிக்காமல் நான் ஒரு கோழிகூட வாங்கமாட்டன்."

அனோஜினி தன் மாமனைப் போலவே பிடிவாதக்காரி. "ஓகஸ்டில கலியாணம். நீங்கள் ஓமெண்டால் கோயில்ல. இல்லையெண்டால் கோட்டில, லாபில இருக்கிற ரெண்டு பேர் சாட்சி வைப்பினம்" என்றாள்.

எனக்கு இருப்பது ஒரே மகள். அவளைத் தேவதாசன் கைபிடித்துக் கோயில் நடுவழியால் கூட்டிக்கொண்டு போவதை, சின்ன வயதில் வெள்ளை உடுப்போடு அவளுக்கு முதல் நன்மை கொடுத்த நாளிலிருந்து நான் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணை வராவிட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள். நான் என்ன, நீதிமன்றத்தில் ஏதோ ஒரு கோட்டு வாங்கில் குந்தியிருந்து என் பிள்ளை கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பதா? அண்ணையிடம் கெஞ்சினேன். கடைசியில் அவர், பொடியன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதற்குள் தான் விசாரிக்க ஒரு வழி பார்க்கிறேன் என்றார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அலோய்சியஸ் வந்தான். வாசலிலேயே அண்ணைக்கு முன்னால் முழங்கால் மடித்துக் குந்தி, இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டினான். பொத் பொத் என்று அடக்கமான ஒரு சத்தம்.

அண்ணை என்னைப் பார்த்தார். "ஏன் கை தட்டுறான்? நான் பாட்டொண்டும் பாடேல்லையே."

"அது அவையின்ர ஊர் மரியாதை, மாமா. பெரியாக்களுக்கு மட்டும்தான் செய்யிறது" என்றாள் அனோஜினி. அண்ணையின் நெஞ்சு ஓர் அங்குலம் வெளியே வந்தது. திருப்பி என்ன செய்வது என்று தெரியாமல் பொடியனின் தலையில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டார்.

அண்ணை நூலகத்திலிருந்து பெரிய தேசப்படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தார். மேசையில் சோற்றுக்கு முன்னம் அதுதான் விரிந்தது. நமீபியா ஓர் அகப்பை மாதிரி இருந்தது. அகப்பையின் காம்பு கிழக்குப் பக்கமாக நீண்டு போய், மேலே அங்கோலாவுக்கும் சாம்பியாவுக்கும் கீழே பொட்ஸ்வானாவுக்கும் நடுவே செருகிக் கிடந்தது. அந்தக் காம்புதான் கப்ரிவி.

"இதென்ன, நாட்டுக்கு வால் முளைச்ச மாதிரி?" என்று அண்ணை இங்கிலீசில் கேட்டார்.

அலோய்சியஸ் விளக்கினான். ஆபிரிக்காவைத் துண்டு போட்ட காலத்தில் ஜெர்மன்காரர் பிரிட்டிஷ்காரரிடம் பேரம் பேசி அந்தத் துண்டை வாங்கினார்களாம். அதன் நுனியில் சாம்பேசி ஆறு ஓடுகிறது. ஆற்றில் கப்பல் விட்டு நேரே இந்து சமுத்திரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வழியில் உலகத்திலேயே பெரிய நீர்வீழ்ச்சிகளில் ஒன்று இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. கப்ரிவி என்பது அந்த நேரத்தில் ஜெர்மனியை ஆண்ட மந்திரியின் பெயர். அந்த மனிதர் ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அண்ணைக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணீர் வழிந்தது. "பாத்தியே மாக்கிரட், விசாரிக்காமல் வாங்கினால் இப்பிடித்தான்" என்றார். எனக்கு அந்த ஜெர்மன்காரரில் கோபம் வந்தது. அவர்களால் அண்ணையின் கட்சி பலத்துவிட்டது.

பிறகு விசாரணை தொடங்கியது. "எந்தப் பகுதி?" என்று அண்ணை கேட்டார். எங்கள் ஊரில் அது சாதியை விசாரிக்கிற கேள்வி, நான் தலையில் கை வைத்தேன். பொடியனோ வெள்ளை மனத்தோடு மேற்குப் பகுதி என்றான். கிழக்கில் சாம்பேசிக் கரையில் சுபியா மக்கள் இருக்கிறார்களாம். மாரி வெள்ளத்தில் வீடு வாசல் மூழ்கினால் வள்ளத்தில் ஏறி மேட்டு நிலத்துக்குப் போவார்கள். மேற்கே இவனுடைய ஃபுவே மக்கள் காட்டோரத்தில் சோளம் விதைத்து மாடு வளர்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு தலைவர்கள், வெவ்வேறு சபைகள். பேச்சுக்குப் பொதுவாக லோசி என்று ஒரு மொழி. எந்தக் கிராமம் எந்தத் தலைவருக்குக் கீழே என்று வழக்குப் போட்டுப் போட்டே அவர்களுக்கு ஆயுள் போய்விடுமாம்.

"அப்ப நல்ல ஆக்கள்தான்" என்றார் தேவதாசன். அவர் மூன்று வருடமாகத் தமையனோடு எல்லை வேலி வழக்கு நடத்திவிட்டு வந்தவர்.

"அப்பா எங்க?" என்று அண்ணை கேட்டார்.

அலோய்சியஸ் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். தொண்ணூற்றெட்டில் கப்ரிவியைத் தனிநாடாக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் கிளம்பியதாம். பள்ளிக்கூட வாத்தியாரான தகப்பன் கூட்டமொன்றில் பேசினார். கெடுபிடி வந்தபோது எல்லை தாண்டி பொட்ஸ்வானாவுக்குள் ஓடினார். அடுத்த வருடம் சிலர் துவக்கு எடுத்தார்கள், அது ஒரு சில நாளிலேயே அடங்கிப்போனது. தகப்பன் இன்னும் அங்கே ஓர் அகதி முகாமில்தான். திரும்பிப் போனால் பிடிப்பார்கள் என்ற பயம். "அதனால் எனக்கு எல்லாம் தாய்மாமன்தான். எங்களிடத்தில் தாய்மாமன் சொல்லாமல் ஒரு கலியாணமும் நடக்காது" என்றான்.

அண்ணை வேறு கேள்வி கேட்கவில்லை. குழம்புச் சட்டிக்குள் கையை விட்டு மீன் தலையை எடுத்து அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தார். எங்கள் வீட்டில் மீன் தலை அண்ணைக்குத்தான். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்து நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

போகும் நேரத்தில் அலோய்சியஸ் இன்னொன்று சொன்னான். நமீபியாவில் குளிர்காலம் வந்தால் எல்லா இடமும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்களாம். கப்ரிவி மட்டும் திருப்பாதாம். சூரியன் அங்கே முந்தி உதிக்கிறபடியால் அவர்களுக்கென்று தனி நேரம்.

அண்ணை அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடு இருக்கிறது. ஒன்று மொன்றியல் நேரம். மற்றது பழைய ஊர் நேரம். கொழும்பு அரை மணித்தியாலத்தைக் கூட்டியபோது இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் கூட்டவில்லை, அண்ணையும் கூட்டவில்லை. பத்து வருடம் பிடிவாதமாக இருந்தார். பொடியன் வந்த அந்த வருடம் சித்திரையில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. தன்னுடைய மணிக்கூட்டுக்குப் பயந்துதான் திரும்பியது என்பது போல ஒரு கிழமை கோயிலில் நடந்தார். அதன் பிறகு அந்த மணிக்கூட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

"அங்கையும் ரெண்டு நேரமோ?" என்று பொடியனின் தோளில் கை போட்டார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

ஆனாலும் வெளியாள் ஒருவரிடம் விசாரித்தே ஆக வேண்டும். அண்ணை வெளிநாட்டுக்குக் கதைக்கிற ஃபோன் காட்டுகளை வாங்கி அடுக்கினார். யாழ்ப்பாணத்தில் தனக்குப் படிப்பித்த சுவாமிமாரின் சபைக்கு நமீபியாவிலும் ஆட்கள் உண்டு என்று அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சுவாமி ரோமாபுரியில் இருப்பவரைச் சொன்னார், ரோமாபுரியில் இருப்பவர் நமீபியாவின் தலைநகரான வின்ட்ஹுக்கில் ஒரு சுவாமியைச் சொன்னார். வின்ட்ஹுக் சுவாமி, ஒட்டாவாவில் கப்ரிவிக்காரி ஒரு நேர்ஸ் இருக்கிறார் என்று நம்பரைக் கொடுத்தார். மூன்று கண்டம் சுற்றி விஷயம் இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள் வந்து நின்றது.

அண்ணை என் வீட்டிலிருந்துதான் எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டு. நேர்ஸ் அம்மா இனிமையாகக் கதைத்தார். சிஞ்சிமானே கிராமத்துச் சிமாசிக்கு குடும்பம் எப்படி என்று அண்ணை கேட்டார். தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு, "நல்ல குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள்" என்றார் நேர்ஸ் அம்மா.

முடிந்தது, கோட்டு வாங்குதான் என்று நினைத்தேன்.

அண்ணையின் முகம் மலர்ந்துபோய் இருந்தது. "நீங்கள் கிழக்குப் பக்கமோ?" என்று கேட்டார். ஆமாம், புக்காலோ என்றார் அந்த அம்மா, அதைக் கேட்க இவ்வளவு நேரமா என்பது போல.

போனை வைத்துவிட்டு அண்ணை கைகளைத் தேய்த்தார். "அந்த இழுவை எனக்குத் தெரியாதே? ஏதும் உண்மையான குறை இருந்தால் இதுக்குள்ள சொல்லியிருப்பா. அவவிட்டை இருந்தது இழுவை மட்டும்தான். மாக்கிரட், இது தங்கமான குடும்பம்."

நான் அழுதுவிட்டேன். அழுதபடியே நெத்தலி பொரித்தேன். இனி மிச்சம், இரண்டு தாய்மாமன்மாரும் போனில் கதைத்து ஒரு முடிவுக்கு வருவதுதான்.

அலோய்சியஸின் மாமன் பெயர் மட்டெங்கு. ஃபுவே தலைவரின் சபையில், கூட்டா என்பார்கள், வழக்குக் கேட்கிற பெரியவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அங்கே பின்னேரம் ஆறு மணிக்கு எடுக்கும்படி சொல்லியிருந்தார். அவருடைய கிராமத்தில் கைத்தொலைபேசி வேலை செய்வது வயலுக்கு நடுவே ஒரு மரத்தடியில் மட்டும்தானாம். அண்ணை நேரத்தைக் கணக்குப் பார்த்து, எங்களுடைய ஒரு மணிக்குச் சரியாக எடுத்தார். அண்ணை முதலில் தன் பேரைச் சொன்னார், பிறகு தகப்பன் பேரை, பிறகு பாட்டன் பேரை. மறுபக்கத்தில் மரியாதையான, குளிர்ந்த குரல் ஒன்று வந்தது.

"நான் ஒரு மணித்தியாலமாக மரத்தடியில் நிற்கிறேன். மாடுகளெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டன."

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் எங்கே நேரத்தைக் கேட்டார் தெரியுமா? உறுதிப்படுத்துகிறேன் என்று வின்ட்ஹுக் சுவாமியிடம். சுவாமி தன்னுடைய மேசை மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பத்து வருடம் தலைநகரத்து நேரத்தை வீட்டுச் சுவரில் ஏற்றாத மனுசன், சம்பந்தி வீட்டுக்குத் தலைநகரத்து நேரம் பார்த்துப் போன் எடுத்தார். அந்தப் பொடியன் வாசலில் நின்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணை மன்னிப்புக் கேட்டார். மட்டெங்கு ஏற்றுக்கொண்டார். "ஆனால் பெண் எடுப்பதற்கு முன் விசாரிப்பது எங்கள் வழக்கம். நல்ல காலம், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பட்டணமான கட்டிமா முலிலோவில் கணக்கு படிப்பிக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

"எங்கட ஊர்க்காரரோ? பேர் என்ன?" என்று அண்ணை உற்சாகமாகக் கேட்டார்.

"மிஸ்டர் பேரின்பநாதன்."

அண்ணைக்கு இருமல் வந்தது. அது நெஞ்சிலிருந்து வந்த இருமல்தான், சத்தியமாக.

அவர் வாய் திறக்க ஒரு நாள் எடுத்தது. பேரின்பநாதன் அவருடைய வகுப்புத் தோழன். எழுபத்தொன்பதில் அவருக்குச் சில்லாலையில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் கோயில் வாசலில் அண்ணையை மறித்து, பெடியன் எப்படி என்று கேட்டார். அண்ணை இருமினார். கலியாணம் நின்றது. பேரின்பநாதன் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போனவர், பிறகு ஆற்றைக் கடந்து கப்ரிவிக்குள் போய்விட்டார் போல.

"எனக்கு அண்டைக்கு உண்மையாத் தடிமன், மாக்கிரட்."

"'எண்டுதான் சொல்லுகினம்' எண்டதும் தடிமனோ?"

அண்ணை சிகரட் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

கிழமைக் கடைசியில் பதில் வந்தது. பேரின்பநாதன் வாத்தியார் தொண்டையைக் கனைத்து, நல்ல குடும்பம் என்றுதான் சொல்கிறார்கள் என்று சொன்னாராம். மட்டெங்கு வழக்குக் கேட்டுப் பழகிய மனிதர். அவசரம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மருமகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். மாமன் சொல்லாமல் அலோய்சியஸ் கோயிலுக்கும் வரமாட்டான், கோட்டுக்கும் வரமாட்டான். தகப்பனை முகாமில் விட்டுவிட்டு வந்தவன், மாமனையும் மீறமாட்டேன் என்று கண் கலங்கச் சொன்னான். அதற்காக எனக்கு அவனில் மதிப்புக் கூடியது, வயிற்றெரிச்சலும் கூடியது.

அனோஜினி சமையலறை நிலத்தில் இருந்து அழுதாள். சின்ன வயதில் பிள்ளை பராமரிக்கிற கார்டெரியில் விட்டுவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் காணவில்லை. "உலகத்தின்ர மூலைக்குப் போய் ஒராளைப் பிடிச்சனான். அங்கையும் உங்கட இளவாலை வந்திட்டுது" என்றாள்.

நான் மாடிக்கு ஏறிப் போனேன். அண்ணையிடம் கத்தக்கூடாது என்று படி முழுக்க நினைத்துக்கொண்டு போய், கத்தினேன். "எத்தினை பேரின்ர பிள்ளையளை இப்பிடி நிலத்தில இருந்து அழ வைச்சனீங்கள்? கணக்கிருக்கோ? இண்டைக்கு உங்கட மருமகள் இருக்கிறாள் கீழ. எடுங்கோ போனை."

அண்ணை எடுத்தார். நம்பரை அலோய்சியஸ் கொடுத்திருந்தான், ஸ்பீக்கரில் போட்டது நான். பேரின்பநாதனின் தமிழ் எழுபத்தொன்பதில் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி அப்படியே இருந்தது.

"ஆர், எமிலோ? ஒரு கிழமை எடுத்திருக்கிறாய். நான் மூண்டு நாளிலை எடுப்பாய் எண்டு நினைச்சனான்."

"பேரின்பம், பிள்ளையின்ர வாழ்க்கை, மச்சான்."

"என்ர வாழ்க்கையும் வாழ்க்கைதான், எமில். பயப்பிடாதை, நான் இங்க ராசா மாதிரி இருக்கிறன். மனிசி கிழக்குப் பக்கத்து ஆள். பிள்ளையள் நாலு. உன்ர இருமல் இல்லையெண்டால் நான் சில்லாலையிலை மாமனாருக்குப் புகையிலை கட்டிக்கொண்டிருந்திருப்பன். ஆனால் ஒண்டு. அப்பா சாகுமட்டும், எங்கட குடும்பத்திலை என்ன குறை கண்டவன் எண்டு கேட்டுக்கொண்டே செத்தவர். அது எனக்குப் பொறுக்கேல்லை."

அண்ணை பக்கத்துக் கதிரையில் குந்தினார்.

பேரின்பநாதன் தொடர்ந்தார். மட்டெங்குவிடம் அவர் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். கூட்டாவில் பழைய வழக்கைத் தீர்க்காமல் புதிய வழக்கை எடுப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மட்டெங்கு கட்டிமா முலிலோவுக்கு அவர் வீட்டுக்கு வருவார். அண்ணை ஸ்பீக்கரில், மட்டெங்கு கேட்க, பேரின்பநாதனின் மனைவியும் பிள்ளைகளும் கேட்க, அவர்களுடைய குடும்பத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வேண்டும்.

"இங்கிலீசில சொல்லு, எல்லாருக்கும் விளங்க. இழுக்கக்கூடாது. முக்கியமா இருமக்கூடாது."

அந்தக் கிழமை அண்ணை சிகரட்டைத் தொடவில்லை. அது உதவி செய்யவில்லை. சிகரட்டை விட்டதும் இருமல் இரண்டு மடங்காகிவிட்டது. நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். தேவதாசன் மூலைக்கடை டெப்பனரில் இருமல் இனிப்பு வாங்கி வந்தார். அண்ணை நடு ஹோலில் நின்று அந்த ஒற்றை வசனத்தைச் சொல்லிப் பழகினார். பாதிவழிக்கு மேல் ஒரு தடவையும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மேலே போனபோது, சுவரிலிருந்த அந்த வேலையில்லாத மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முள்ளைத் திருப்பிக் கப்ரிவி நேரம் வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே கீழே வந்து என் மேசையில் சாத்தி வைத்தார். எல்லோரும் சுற்றி இருந்தோம். அலோய்சியஸும் அனோஜினியும் ஒரு கதிரையில் பாதிப் பாதியாக.

முள் ஆறில் வந்ததும் அண்ணை நம்பரை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். மறுபக்கத்தில் நிறையப் பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சொல்லு, எமில்" என்றார் பேரின்பநாதன்.

அண்ணை வாயைத் திறந்தார். அப்போது பார்த்து அது வந்துவிட்டது. நெஞ்சுக்குள் கரகரவென்று ஏறி வருவதை எங்களால் கேட்கக்கூடியதாக இருந்தது. அண்ணை வாயை மூடினார். முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அனோஜினி என் கையை நகம் பதியப் பிடித்தாள். மாதாவே, ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் என்று நான் வேண்டினேன். என் வாழ்நாளில் அண்ணைக்காக நான் அப்படி வேண்டியதில்லை.

அண்ணை மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் இங்கிலீசில் சொன்னார். "பேரின்பநாதனின் குடும்பம் தங்கமான குடும்பம். அன்றைக்கும் தங்கம். குறை என்னில்தான் இருந்தது."

இழுவை இல்லை. கனைப்பு இல்லை. கேட்டதைவிட இரண்டு வசனம் கூடுதல்.

பிறகு பேரின்பநாதன் தமிழில், மெதுவாகச் சொன்னார். "சரி எமில். இப்ப இருமு."

அண்ணை இருமினார். கட்டடம் அதிர இருமினார். தேவதாசன் முதுகைத் தட்ட, அனோஜினி தண்ணீரோடு ஓடி வர, கப்ரிவி மணிக்கூடு மேசையிலிருந்து விழப் பார்க்க, அவர் இருமிக்கொண்டே இருந்தார். அதற்கிடையில் ஸ்பீக்கரிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. பொத் பொத் என்று, குவித்த கைகள் மெதுவாகத் தட்டும் சத்தம். முதலில் ஒரு சோடிக் கை. பிறகு பல.

"என் மாமன். சம்மதிக்கிறார்" என்றான் அலோய்சியஸ்.

அண்ணை கதிரையிலிருந்து இறங்கினார். இருமலை நிறுத்த முடியாமல், முழங்கால் வலியோடு என் சமையலறை நிலத்தில் குந்தி, போனை நோக்கி இரண்டு கையையும் குவித்து அவரும் தட்டினார். சரியாகத்தான் தட்டினார். பொடியன் வந்து போன நாளிலிருந்து தனியே இருந்து பழகியிருக்க வேண்டும்.